எழுத்தர் நேரில் கண்ட சிறுத்தை

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. சமையலறை அலமாரியில், சர்க்கரை டப்பாவுக்கு அடியில் கிடந்தது.

வாடகைக்கு வந்த வீடு. முன்பு இருந்தவர்கள் தட்டுகளில் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டுப் போயிருந்தார்கள். மேல் தட்டில் பக்கம் முழுக்கப் பரந்த ஒரு தலைப்பு: ‘குடியிருப்புக்குள் சிறுத்தை! எழுத்தர் நேரில் கண்டார்’. செய்தி இருந்த இடத்தை எண்ணெய் குடித்துவிட்டிருந்தது. கீழ்த் தட்டில், ஒன்பது நாள் கழித்து வந்த தாள். அதன் மூலையில் தீக்குச்சி நீளத்தில் இன்னொரு தலைப்பு: ‘குடியிருப்புக் காவலாளி பணிநீக்கம்’. அதன் கீழே யாரோ கத்தரித்து எடுத்திருந்தார்கள்.

நடுவில் இருக்கும் ஒன்பது நாட்களை நானே நிரப்புவதென்று முடிவு செய்தேன்.

“ரெண்டும் ஒரே குடியிருப்புன்னு எங்க போட்டிருக்கு?” என்றாள் மனைவி.

“எங்கயும் போடல.”

“அப்புறம்?”

“அதனாலதான் இது கதை.”

“சரி, டப்பாவத் தொடச்சு வெச்சிட்டு எழுதுங்க.”

2

முதல் தொடக்கம்: ‘பனி மூடிய அந்த அதிகாலையில்...’ வேண்டாம். பனி இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

இரண்டாவது: ‘நெருப்புத் துண்டுகளாய் இரு கண்கள்...’ இதுவும் வேண்டாம். கண்களுக்குச் சொந்தக்காரர் யாரென்றே இன்னும் முடிவாகவில்லை.

மூன்றாவது: எழுத்தர் பால் வாங்கக் கீழே இறங்கினார். (இது நிற்கும்.)

குடிநீர் வாரியத்தில் இருபத்தாறு வருடங்களாகக் கோப்புகளுக்கு எண் போடுகிறவர். வீட்டில் அவர் பேச ஆரம்பித்தால் மனைவி மிக்சியைப் போடுவாள். அன்று காலை, கார் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் ஏதோ ஒன்று சுவரேறிக் குதித்தது. மஞ்சளா, சாம்பலா, சொல்ல முடியாது. மூக்குக் கண்ணாடி மாடியில் இருந்தது.

“என்னமோ குதிச்சு ஓடுச்சுப்பா, பெரிய பூனை மாதிரி” என்று பால்காரரிடம் சொன்னார். பால்காரர் மூன்று மாடிக்கும் பாலோடு சேர்த்து அதையும் ஊற்றினார். பத்து மணிக்கு நிருபர் வந்துவிட்டார்.

“பெரிய பூனைன்னா... சிறுத்தை மாதிரியா சார்?”

“மாதிரின்னு கேட்டா...”

[இந்த வாக்கியத்தை அவர் முடிக்கவே இல்லை. நிருபர் முடித்துக்கொண்டார்.]

3

மறுநாள் முதல் நடந்தவை, எனக்குத் தோன்றிய வரிசையில்.

பள்ளிக்கு மூன்று நாள் விடுமுறை விட்டார்கள். சிறுத்தை நீடூழி வாழ வேண்டுமென்று பிள்ளைகள் வேண்டிக்கொண்டார்கள். வனத்துறை கூண்டு வைத்து, உள்ளே ஓர் ஆட்டைக் கட்டியது. இரண்டாம் நாள் ஆட்டைக் காணோம். கூண்டின் கதவோ திறந்தபடி, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. யார் தின்றது என்று விசாரிக்கக் குழு போட்டார்கள். (குழுவில் இருந்தவர்கள் சற்றுப் பூசினாற்போலத் தெரிந்ததாக ஒரு வரி எழுதி, நானே அடித்துவிட்டேன். ஆதாரமில்லை.)

அலுவலகத்தில், இருபத்தாறு வருடமாக “ஏம்ப்பா” என்று கூப்பிட்ட மேலாளர் தன் கையால் நாற்காலியை இழுத்துப் போட்டார். தெருவில் ‘சிறுத்தையார்’ என்று பெயர் விழுந்தது. அன்று மாலை, வீட்டில் மிக்சி நின்றது.

“என்னங்க, அது உங்களப் பாத்துச்சா?”

எழுத்தர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்தக் கண்கள் அவருடைய பதிலுக்காக இப்படி விரிந்து அவர் பார்த்ததே இல்லை.

“பாத்துச்சு” என்றார்.

இந்த இடத்தில் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்கு வந்தால் திட்டிக்கொள்ளுங்கள். நான்காம் நாள் சிறுத்தைக்கு வால் நீண்டது. ஆறாம் நாள் அது உறுமவும் செய்தது.

4

ஒரே ஒருவர் மட்டும் மறுத்தார். காவலாளி.

“நான் கேட்டுலதான் சார் நின்னேன். வந்தது பின்தெரு சாம்பல் பூனை. வயித்துல குட்டி. நான்தான் அதுக்குச் சோறு வைக்கிறேன்.”

சோறு தின்கிற பூனையை எந்தப் பத்திரிகை முதல் பக்கத்தில் போடும்? ஏழாம் நாள் குடியிருப்போர் சங்கம் அவசரமாகக் கூடியது.

“சிறுத்தை வந்தது பேப்பர்லயே வந்திருச்சு” என்றார் செயலாளர். “உனக்குத் தெரியலன்னா நீ தூங்கியிருக்கணும்.”

“அது வரவே இல்லன்னா சார்?”

“வரலன்னா பேப்பர்ல எப்படிய்யா வரும்?”

எல்லோரும் எழுத்தரைப் பார்த்தார்கள். எழுத்தர் தேநீர்க் கோப்பையைப் பார்த்தார். காவலாளியை நீக்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் செயலாளர்.

(எழுத்தர் தூக்கினாரா? மூன்று முறை எழுதி, மூன்று முறையும் அடித்தேன். எட்டிப் பார்த்த என் மனைவி, “தூக்கியிருப்பாருங்க. நீங்களும் தூக்கியிருப்பீங்க” என்றாள். தூக்கினார்.)

5

முடிவு ஒன்று: நிஜமாகவே ஒரு சிறுத்தை வந்து செயலாளரைத் தின்கிறது. எழுதும்போது சுகமாக இருந்தது. கிழித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: எழுத்தர் பத்திரிகை அலுவலகத்துக்கே போய், “அது பூனையாத்தான் இருக்கும்” என்கிறார். மறுநாள் தலைப்பு: ‘சிறுத்தை பூனையாக மாறியதா? எழுத்தர் பரபரப்புத் தகவல்’. இதை வைத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். ஆனால், இதில் காவலாளி எங்கே? இரண்டு பக்கம் எழுதியும் அவர் வரவேயில்லை. நானும் பத்திரிகைக்காரனாகிவிட்டேன்.

ஆகவே, அவரிடமே போனேன்.

6

ஒன்பதாம் நாள் காலை. வாசலை ஒட்டிய சின்ன அறையில் காவலாளி சீருடையை மடித்துக்கொண்டிருந்தார். ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். எழுத்தர் படியிறங்கி வந்து நின்றார். உண்மையைச் சொல்லிவிடுவது என்ற தீர்மானத்தோடுதான் வந்தார். அதற்கு நான் சாட்சி. ஆனால் காவலாளி முந்திக்கொண்டார்.

“ஒண்ணு கேக்கணும் சார். கோவிச்சுக்காதீங்க.”

“கேளுங்க.”

“பத்து வருஷமா டூட்டில கண்ணசந்ததில்லன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். எல்லாரும் சொல்றதக் கேட்டுக் கேட்டு இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. அந்தப் பூனைய நான் பாத்தனா, இல்ல கனவு கண்டனா? ஊருக்குப் போனா என் பொண்டாட்டி கேப்பா. நீங்க நேர்ல பாத்தவரு. அது சிறுத்தைதானா சார்? நான் தூங்கித்தான் போயிட்டனா?”

வேலையைத் திருப்பிக் கேட்டிருந்தால் எழுத்தர் ஏதாவது சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பார். அந்த மனிதர் தன் கண்ணைத் திருப்பிக் கேட்டார்.

மாடியிலிருந்து எழுத்தர் மனைவியின் குரல் வந்தது: “என்னங்க, ரேடியோலேருந்து வந்திருக்காங்க! சீக்கிரம் வாங்க!”

எழுத்தர் வாயைத் திறக்கிறார்.

மூன்று நாளாக அப்படியே திறந்தபடி நிற்கிறார். நான் பேனாவை எடுக்கவில்லை. எனக்கு இந்த விஷயத்தில் நல்ல பெயர் கிடையாது. சிறுத்தை இருந்தால் கதை நன்றாக விற்கும் என்று எனக்கும் தெரியும். எனவே, நீங்கள் சொல்லுங்கள். ஒரே ஒரு சொல் போதும். உரக்கச் சொல்ல வேண்டும், மாடிக்கும் கேட்கிற மாதிரி.

கொஞ்சம் சீக்கிரம். காவலாளிக்கு எட்டரைக்கு பஸ்.