வாயில் இருபது ஆணி

குஷன்காரருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பொய் மட்டும் சுட்டுப்போட்டாலும் வராது.

அன்று காலை தங்கை கிழிந்த உதட்டோடு பட்டறைக்கு ஓடி வந்திருந்தாள். இதற்கு முன் இரண்டு தடவை இப்படி வந்தபோது, "அனுசரிச்சுப் போம்மா" என்று அவரே கூட்டிப்போய்ப் புருஷன் வீட்டில் விட்டுவிட்டு வந்தார். அந்தப் பாவம் நெஞ்சைப் போட்டு அறுத்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை தன் உயிரே போனாலும் அனுப்புவதில்லை என்று முடிவு செய்திருந்தார்.

தெருமுனையில் மாப்பிள்ளையின் வண்டிச் சத்தம் கேட்டது. முதுகுத்துணி அடிக்காமல் நின்ற பெரிய சோபாவின் அடிவயிற்றில் தங்கையைச் சுருண்டு படுக்க வைத்தார். இருபது குட்டி ஆணிகளை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். நாக்கு ஒவ்வொன்றாகத் தள்ளும், காந்தச் சுத்தியல் உதட்டிலிருந்து கவ்விக்கொள்ளும், ஆணிக்கு இரண்டே அடி. துணியை அடித்து முடித்த பிறகும் வாயில் பாதி ஆணி மிச்சமிருந்தது. அவற்றை அவர் துப்பவில்லை. வாய் நிறைய ஆணி வைத்திருப்பவனிடம் எவன் பதில் கேட்பான் என்பது அவர் நினைப்பு.

அவன் கேட்டான்.

"எங்க மச்சான் அவ?"

குஷன்காரர் வாயைக் காட்டிக் கையை விரித்தார்.

"வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமோ?"

விட்டான் ஒரு குத்து, நேராக வாயில். முத்தாவது ஒன்றாவது! நாலைந்து ஆணி கன்னத்துக்குள் இறங்கியது, ஒன்று நாக்கில் குத்தி நின்றது. கண்ணில் பொறி பறந்தது. ரத்தத்தை விழுங்கிக்கொண்டு வாயை இறுக மூடினார்.

"பேச மாட்டீங்க? சரி, உங்க பொழப்பு பேசட்டும்."

மேஜையிலிருந்து ஃபோம் அறுக்கும் நீளக் கத்தியை எடுத்தான். இரண்டு நாற்காலிகளைக் கிழித்துப் போட்டான். ஆறு நாள் உழைப்பு. ஒழியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அடுத்து பெரிய சோபாவிடம் போனான், இருக்கை நடுவில் கத்தியைப் பிடிவரை இறக்கினான்.

உள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. அப்பாடா, தப்பித்தாள் என்று குஷன்காரருக்கு மூச்சு வந்தது. கத்தி வெளியே வந்தது. அலகெல்லாம் ரத்தம்.

"அட! மகாராணி இங்கதான் குடியிருக்காளா?" என்று இளித்தவன், கத்தியை மறுபடி ஓங்கினான்.

சுத்தியல் அவன் மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் கேட்டது, கத்தி எங்கோ போய் விழுந்தது. அடுத்த அடி முழங்காலில். அவன் சாய்ந்தான். விழுந்தவனின் தோளில் ஒன்று, விலாவில் ஒன்று. ஆத்திரத்தில் குஷன்காரருக்குக் கண்மண் தெரியவில்லை. ஒவ்வொரு அடிக்கும் அவன் 'ஹக், ஹக்' என்றான், அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

அப்போதுதான் சோபாவுக்குள்ளிருந்து தங்கையின் குரல் வந்தது. கத்திக்குத்து வாங்கியபோது வாயைத் திறக்காதவள், இப்போது கெஞ்சினாள்.

"வேணாங்க... எங்கண்ணன அடிக்காதீங்க. நான் வந்துடறேன். சத்தியமா வீட்டுக்கு வந்துடறேன்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. குஷன்காரருக்கு அழுகை பீறிட்டது. சுத்தியலைப் போட்டுவிட்டு, வாயில் கிடந்த ஆணிகளைத் துப்பினார், நாக்கில் நின்றதை விரலால் பிடுங்கி எறிந்தார். முதுகுத்துணியை இரண்டு கையாலும் கிழித்தார். தொடையைப் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக மூடிக் கிடந்தாள் அவள்.

"நீ எங்கயும் போக வேணாம்மா," என்றார் குளறிக் குளறி. "கண்ணத் தொற. இப்ப அடி வாங்கினது நான் இல்ல."