பேர் சொல்லாமல் எடுத்த டிக்கெட்

இரண்டாயிரத்துப் பதினாறு மே மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, ராஜபாளையத்தில் தேவஇரக்கம் வீட்டு ஹாலுக்குள் ஊட்டி வந்து சேர்ந்தது. ஏரி, சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் அடங்கிக்கொண்டது. படகு மட்டும் கட்டிலுக்கடியில் போய்ச் செருகிக்கொண்டது. தெருவின் மற்ற வீடுகளில் வெயில் வழக்கம்போல் நூற்று நான்கு டிகிரி அடித்தது. மொட்டைமாடியில் மிளகாய் காயப்போட வந்த பக்கத்து வீட்டு வெங்கடேஸ்வரி, இந்த வீட்டு ஜன்னல் வழியாகப் பனி வழிவதைப் பார்த்துவிட்டுத் தன் சாக்கைச் செத்தத் தள்ளி விரித்தாள்.

தேவஇரக்கம் ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசர். சபையில் கமிட்டிச் செயலாளர். கோடை விடுமுறைக்கு எங்கே போவது என்பதையும் கமிட்டி கூட்டித்தான் முடிவு செய்வார். அவரும் மனைவி ஞானபாக்கியமும் உறுப்பினர்கள். மூன்று ஊர்ப் பெயர்களைச் சீட்டில் எழுதி வேதாகமத்துக்குள் வைத்து, மில் நிர்வாகத்தில் தொடங்கி தேசத்தின் எல்லைகள்வரை ஜெபித்து, ஒன்றை உருவி உரக்க வாசிப்பார். சீட்டு விழுந்த பிறகு அந்தக் கமிட்டியில் யாரும் மறுத்துப் பேசுவது கிடையாது. ஊட்டியும் மறுக்கவில்லை. ஆனால் இவர்கள் கிளம்புவதற்குள் அது கிளம்பி வந்துவிட்டது.

அவருடைய லீவு முடிந்த அன்று திரும்பியும் போய்விட்டது. அடுத்த வருஷம் கன்னியாகுமரி வந்தது. பிறகு கொடைக்கானல், மூணாறு, ஏற்காடு. சபைக் குருவானவரும் மில் மேனேஜரும் குடும்பத்தோடு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு பார்க்க வந்தார்கள். தேவஇரக்கம் கோட்டும் டையுமாக நின்று, குச்சியால் சுட்டிக்காட்டி விளக்கினார். "எல்லாவனும் ஊரத் தேடி அலையுதான். ஊரே நம்மளத் தேடி வருதுன்னா சும்மாவா?" என்று கேட்டார். மேனேஜர் சும்மா இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

ஞானபாக்கியம் அம்புட்டுப் பேருக்கும் டீ போட்டாள். கன்னியாகுமரியைத் துணியில் ஒற்றி வாளியில் பிழிந்தாள். கொடைக்கானல் குதிரை போட்ட சாணியை அள்ளினாள். அவள் பிறந்தது மம்சாபுரம், வாழ்க்கைப்பட்டது ராஜபாளையம், அதிகம் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர். அதைத் தாண்டி ஒரு ஊர், தான் இருக்கும் இடத்திலேயே இருக்க, அவள் போய் அதைப் பார்த்ததில்லை. ஒன்பது மே மாதம் பொறுத்தாள். பத்தாவது மே மாதம், கமிட்டி கூடுவதற்கு முந்தின நாள், இரண்டு சேலையைப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். தேர்ந்தெடுத்தால்தானே வருகிறது? தேர்ந்தெடுக்காமலே போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள். போர்டைப் பார்க்காமல், கடைசியாக நின்ற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள்.

"எங்கக்கா போகணும்?" என்றார் கண்டக்டர் மாரிசெல்வம்.

"பஸ்ஸு எங்க போகுதோ அங்க."

"அது எங்கன்னு தெரியாமலா ஏறுனீய?"

"தெரியாது தம்பி. நீயும் சொல்லிறாத."

"ஊர்ப் பேரு சொன்னாத்தானக்கா மிஷின்ல டிக்கெட்டு வரும்?"

"மிஷின்கிட்ட சொல்லு. எங்கிட்ட சொல்லாத."

பல தினுசுப் பயணிகளைப் பார்த்தவர் அவர். கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட்டைக் கிழித்து, எழுத்து உள்ளே போகும்படி மடித்துக் கொடுத்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் ஜன்னலில் வந்தது, நின்றது, பின்னால் போனது. ஞானபாக்கியம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சாயந்திரம் போன் வந்தது.

"ஏட்டி, எங்க இருக்க?"

"சொல்ல மாட்டேன்."

"பேர மட்டும் சொல்லு, போதும்."

"சொன்னா சீட்டுல எழுதிருவீய. ஊரு அங்க வந்துரும். அதோட நானும் ஹாலுக்குள்ள வந்து நிப்பேன். டீ போடும்பீய."

தேவஇரக்கம் தனியாகக் கமிட்டி கூட்டினார். மனைவி எங்கே இருக்கலாம் என்று யோசித்து, குற்றாலம் என்று எழுதி எடுத்தார். ஐந்தருவியும் வந்து ஹாலில் விழுந்தது; அவள் அதில் இல்லை. வேளாங்கண்ணியை எடுத்தார். கடலும் கூட்டமும் வந்தன, அவள் இல்லை. ராமேஸ்வரம் பாலத்தோடு வந்து சமையலறைக் கதவை அடைத்துக்கொண்டது. தண்ணீர் வாசல் தாண்டியதும் வெங்கடேஸ்வரி எட்டிப் பார்த்து, "செயலாளர் சார், தீர்மானம் தெருவுக்கு வந்துருச்சு" என்றாள். அவர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வாளியைத் தேடினார். ஒன்பது வருஷமாக வாளி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மூன்று நாள் ஒற்றிப் பிழிந்ததில் உள்ளங்கைத் தோல் உரிந்தது. நான்காம் நாள் போன் செய்தார்.

"ஊர்ப் பேரு வேண்டாம்," என்றார். "பஸ்ஸு எத்தன மணிக்குன்னு மட்டும் சொல்லு."

"ஒம்பது பத்துக்கு," என்றாள். "கடைசியா நிக்கிற பஸ்ஸு. கோட்டு போட்டுட்டு வராதீய."

மறுநாள் பஸ்ஸில் மாரிசெல்வம் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. டிக்கெட்டை மடித்தே கொடுத்தார். இப்போது மே மாதமானால் அந்தத் தடத்தில் அப்படி மடித்து வாங்குகிறவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அந்த ஊரின் பெயரை இங்கே எழுதுவதற்கில்லை. அது இன்னும் அதன் இடத்திலேயே இருக்கிறது.