தொடாமல் ஒரு தோள்பட்டை

சுகாதார நிலையத்தின் பிசியோதெரபிஸ்ட்டுக்குக் கைராசிக்காரி என்று பெயர். அவள் கை பட்டால் மடங்காத முழங்கால் மடங்கும், திரும்பாத கழுத்து திரும்பும் என்று நோயாளிகள் சொல்லிச் சொல்லி, அவளுக்கே அதில் கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது. அந்தக் கர்வத்தில் மண்ணைப் போடத்தான் இந்த ஆன்லைன் பயிற்சி வந்து சேர்ந்தது.

மலைக் குடியிருப்புகளுக்கு இனி வாரா வாரம் வீடியோவில் சிகிச்சையாம். அதற்குப் பேச்சுப் பயிற்சி, உணவு ஆலோசனை, பிசியோதெரபி என்று எல்லாப் பிரிவும் பயிற்சி எடுத்து, கடைசியில் ஆளுக்கொரு நோயாளியைத் திரையில் பார்த்துக் காட்ட வேண்டும். தேறாத பிரிவுக்கு மலைச்சேவை கிடையாது. பிசியோ பிரிவில் இருப்பதோ இவள் ஒருத்திதான். இவள் கோட்டைவிட்டால் மலையில் இருக்கும் தோளும் இடுப்பும் பழையபடி பஸ் மாறிப் பஸ் மாறி வந்து அவதிப்பட வேண்டியதுதான்.

முக்கியமாக, மளிகைக்கடை நடத்தும் ஓர் அக்காவின் வலது தோள். இறுகிப்போன தோள். மாதம் ஒருமுறை அவர் வரும்போது இவள் பிடித்துத் தூக்கிவிடுவாள். அடுத்த முறை வருவதற்குள் அது மறுபடி இறுகியிருக்கும். மேல்தட்டுச் சாமான் கேட்டு வருகிறவர்கள் தாங்களே முக்காலி போட்டு ஏறி எடுத்துக்கொள்கிறார்களாம். "என் கடையில நானே விருந்தாளி" என்று அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண் மட்டும் கலங்கியிருந்தது.

ஒத்திகையில் கைராசிக்காரியின் வண்டவாளம் வெளியே வந்தது. பேச்சுப் பயிற்சி தருகிறவர் பக்கத்து அறையில் நோயாளியாக உட்கார்ந்தார். ஊரில் உள்ள வாயெல்லாம் அவருக்கு ஒருவருக்கே வாய்த்திருந்தது.

"கையை இப்படித் தூக்குங்க சார். இப்படி இல்ல, இப்படி!"

"எப்படி? எனக்கு உங்க மூக்குதான் தெரியுது. அதைத் தூக்கணுமா?"

அறையே சிரித்தது. சொல்லிக்கொடுக்க வந்த பயிற்சியாளரம்மாவும் சிரித்துவிட்டு, "மேடம், நாளைக்கு வரும்போது இந்த 'இப்படி'யை மட்டும் வீட்டுல விட்டுட்டு வாங்க" என்றார். இத்தனை வருஷமும் கையே பேசிவிட்டதால் வாய்க்கு வேலையே இருந்ததில்லை. அன்று சாயங்காலம் கணவனைக் கூடத்தில் நிறுத்தி, தொடாமல், வாயாலேயே ஆட்டிவைத்தாள்.

"காதுக்கும் தோளுக்கும் நடுவுல இடைவெளி இருக்கட்டும். முழங்கையை மடக்காதீங்க."

"கல்யாணம் ஆனதுல இருந்து நீ எனக்கு எதையும் இவ்வளவு தெளிவா சொன்னதே இல்ல" என்றான் அவன்.

தேர்வு நாளில் திரையில் மளிகைக்கடை வந்தது. அக்கா போனைத் தராசில் சாய்த்து வைத்துவிட்டு, சாமான் அடுக்கிய தட்டுகளின் பக்கம் திரும்பி நின்றார். சாமான் வாங்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். இறுகிய தோளுக்குச் சுவரில் விரல்களைப் படிப்படியாக மேலே நகர்த்தச் சொல்வதுதான் வழக்கம். இங்கே சுவர் முழுக்கத் தட்டுகள்தான். "தட்டு தட்டா விரலாலேயே ஏறுங்கக்கா. முதல்ல தீப்பெட்டி, அப்புறம் பிஸ்கட்" என்றாள் இவள். பயிற்சியாளரம்மா தலையாட்டினார்.

பிஸ்கட் தட்டை நெருங்கும்போது அக்காவின் தோள் காதை முட்ட எழும்பியது. கை ஏறுவது போல ஏமாற்றும் இந்தத் திருட்டுத் தோளை இவள் எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறாள்! சட்டென்று கையை நீட்டி அமுக்கினாள். அமுங்கியது தோள் அல்ல, தொடுதிரை. அழைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டது.

பேச்சுப் பயிற்சிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் இவள். உடனே திரும்ப அழைத்தாள்.

"என்ன தங்கச்சி, என் தோளை அமுக்கத்தானே வந்தீங்க?" அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "போன் முழுக்க உங்க உள்ளங்கைதான்!"

"ஆமாக்கா. என் கை அங்க வராதுன்னு இப்பத்தான் எனக்கு உறைக்குது. உங்க இடது கையை வலது தோள் மேல வைங்க. அது மேல ஏறப் பார்த்தா லேசா அமுக்குங்க. வலி அதிகமானா நிறுத்திடுங்க. மூச்சை விட்டுக்கிட்டே, விரல் மட்டும் ஏறட்டும்."

விரல்கள் பிஸ்கட்டைத் தாண்டின. நின்றன. மறுபடி நகர்ந்தன. தலைக்கு மேலிருந்த தட்டில் ஒரு சோப்பைத் தொட்டு, பிடித்து, கீழே கொண்டுவந்தன. கடையில் கைதட்டல். அக்கா சோப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இத்தனை நாளும் நீங்க தூக்குனீங்க தங்கச்சி. இன்னைக்கு நானே தூக்கினேன்."

கைராசிக்காரிக்கு ஒரு நொடி பொறாமையாக இருந்தது. அடுத்த நொடி சந்தோஷத்தில் அவளும் கைதட்டினாள். கையைத் தூக்கிவிடுவது மட்டுமே தன் வேலை என்று எவ்வளவு காலம் நினைத்திருந்தோம் என்று தோன்றியது.

"மலைச்சேவை உங்களுக்குத்தான்" என்றார் பயிற்சியாளரம்மா. "ஆனா தொடுதிரை கொடுக்கிறதா இல்ல."

அதற்குள் கடையில் யாரோ, "எனக்கும் ஒரு சோப்பு" என்றார்கள். அக்கா எடுத்துக் கொடுத்தார். "எனக்கும்" என்றது இன்னொரு குரல். அப்புறம் இன்னொன்று. அன்று அந்தக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சோப்புதான் தேவைப்பட்டது.

"போதும்க்கா, தோளுக்கு ஓய்வு குடுங்க!" என்று இவள் இங்கிருந்து கத்தினாள்.

"இருங்க தங்கச்சி, வியாபார நேரம்" என்றார் அக்கா.