வாய் நிறைய மண்

அச்சகத்து வேலை போன பிறகு அவனுக்கென்று மிஞ்சியது கடல்நீர்த் தொட்டி மட்டும்தான். அதில் சில பவளங்கள், இரண்டு கோமாளி மீன்கள், அப்புறம் ஒரு கோபி மீன். கோபி நாள் முழுக்க மண்ணை வாயால் அள்ளிச் செவுள் வழியே கொட்டிக்கொண்டிருக்கும். மனைவி அதற்குச் சல்லடை என்று பெயர் வைத்திருந்தாள்.

"நம்ம வாயில மண்ணு விழுந்தா ஒப்பாரி வைக்கிறோம். இவன் அதை வச்சே வயித்தைக் கழுவுறான் பாருங்க," என்பாள்.

பகல் நகரவே மாட்டேன் என்றது. ஒரு நாள் அவன் தொட்டி மண் முழுவதையும் வாளியில் அள்ளி, அழுக்கெல்லாம் போகும்வரை அலசினான். திரும்பப் பரப்பியபோது மண் உப்பைப்போல வெளுத்திருந்தது. வேலைவிட்டு வந்த மனைவி தோள்பையை இறக்காமலே நின்றாள்.

"அடேங்கப்பா! கண்ணைப் பறிக்குதே!"

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கிடைத்த பாராட்டு. அன்றிரவு அவன் நன்றாகத் தூங்கினான்.

சல்லடை முன்னைவிட மும்முரமாகச் சலித்தது. ஆனால் வயிறு ஒட்டி, தலை மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. மீன் வாங்கிய கடைக்குப் போன் செய்தான்.

"எந்நேரமும் தின்னுட்டேதாங்க இருக்கு. ஆனா இளைக்குது."

"மண்ணைக் கழுவினீங்களா, சார்?"

"பளிச்சுன்னு."

"அதுல இருந்த புழு பூச்சிதான் சார் அதுக்குச் சோறு. அது தின்னலை. தேடிட்டு இருக்கு."

இறாலைப் பொடியாக நறுக்கி, குழாயில் உறிஞ்சி, அதன் வாயருகே விட்டான். மனைவி நீளக் கரண்டியால் கோமாளிகளை விரட்டினாள். "போங்கடா தடியனுங்களா! முழுங்குடா ராசா, முழுங்கு."

சல்லடை வாங்கிக்கொண்டது. மண்ணோடு சேர்ந்து இறாலும் செவுள் வழியே கொட்டியது. நாள்தோறும் ஊட்டினார்கள். நாள்தோறும் கொட்டியது.

ஒரு காலையில் அவன் வழக்கம்போலத் தேய்த்த சட்டையை மாட்டிக்கொண்டு வேலை தேடக் கிளம்பினான். தொட்டி மூலையில் சல்லடை ஒருக்களித்துக் கிடந்தது. மண்ணை அள்ள வலுவில்லை. வாய் மட்டும் திறந்து மூடியது.

"சாப்பிடுதாங்க?" சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

அவன் செருப்பை மாட்டினான்.

"ம். சாப்பிட்டுட்டேதான் இருக்கு."