கறுப்புக் கல் கப்டன்

கோயிலில் வைத்துத்தான் பெண் பார்ப்பது எங்கள் வழக்கம். 1975இல் மெல்பேணில் கோயிலுக்கு எங்கே போவது? அக்கா நாகேஸ்வரி யோசித்து நூதனசாலையைப் பிடித்தாள். அங்கே பாடம் செய்து வைத்திருக்கும் பந்தயக் குதிரைக்குப் பக்கத்தில் அவள் நிற்பாளாம். நான் தனியே போய், சிட்னியிலிருந்து வந்திருக்கும் எஞ்சினியர் சிறிதரனோடு பேசிவிட்டு, ஓமோ இல்லையோ என்று வந்து சொல்லவேண்டுமாம்.

எனக்கு ஒரேயொரு நிபந்தனை. புகைக்கிறவனுக்குக் கழுத்தை நீட்டமாட்டேன். அப்பாவின் சுருட்டு நாற்றத்தில் வளர்ந்தது போதும்.

அந்த மனுசன் வாயில் பைப்போடு நின்றார்! பற்றவைக்கவில்லைதான், ஆனாலும் பைப் பைப்தானே. ஒரு கை காற்சட்டைப் பைக்குள், வயிறு முன்னால். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தபோது அவருக்குப் பின்னால் இருந்த கண்ணாடிப் பெட்டி தெரிந்தது.

உள்ளே கறுப்புக் கல்லில் செதுக்கிய ஒரு பைப். அதன்மேல் கப்பல் கயிறுகள், ஒரு நாய், நடுவில் ஒரு வெள்ளைக்காரக் கப்டன். வாயில் பைப், ஒரு கை காற்சட்டைப் பைக்குள், வயிறு முன்னால்.

எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது.

“என்ன?” என்றார். விரலால் காட்டினேன். கப்டனைப் பார்த்தார், பிறகு கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். பைக்குள் இருந்த கை மெல்ல வெளியே வந்தது.

பக்கத்திலிருந்த குறிப்பைச் சத்தமாக வாசித்தேன். கனடாவின் மேற்குக் கரைத் தீவுகளில் வாழும் ஹைடா மக்கள், தங்கள் கரைக்கு வந்த கப்பல்காரருக்கு விற்பதற்காகச் செதுக்கியதாம். துளை மிக ஒடுக்கமாம், புகைக்க உதவாதாம்.

“அவனையே செதுக்கி அவன்ர தலையில கட்டியிருக்கினம்! அதுவும் புகைக்கேலாத பைப்பை!” என்றேன்.

சிறிதரனின் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது.

“என்ர பைப்பும் உந்த வகைதான், கமலினி. ஒருநாளும் பத்தவைச்சதில்லை. நேற்றுத்தான் வாங்கினனான். எங்கட ஒஃபிஸில பெரியாக்கள் இப்பிடித்தான் நிக்கிறவை. நீங்கள் டொக்டர் எண்டபடியால், கொஞ்சம் மதிப்பா இருக்கட்டும் எண்டு...”

நம்புவேனா? பைப்பைப் பறித்து உள்ளே பார்த்தேன். கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டு கருகாமல் அடியிலேயே கிடந்தது.

இருவரும் சிரித்த சிரிப்பில் காவலாளி வந்து “உஷ்” என்றார். அதற்கும் சிரித்தோம்.

“அப்ப அக்காவுக்கு என்ன சொல்லப் போறீங்கள்?” என்று பயந்து பயந்து கேட்டார்.

எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. பைப்பை என் வாயில் வைத்து, கையைக் கோட்டுப் பைக்குள் விட்டு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு குதிரைப் பக்கம் நடந்தேன்.

“ஐயோ, என்னடி இது கோலம்?” என்று அக்கா அலறினாள்.

“ஓம்” என்றேன்.