ஏறாத போதை

குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். பேச்சு போகும், சரி. முதுகில் விழுந்த அடி எங்கே போகும்? அதற்கு ஒரு பழமொழியும் கிடையாது. திருவொற்றியூரில் ஷாலு குடியிருந்த சந்தில் இதற்கென்று ஒரு சட்டமே இருந்தது. போதையில் இருப்பவனை யாரும் கேள்வி கேட்கக் கூடாது, தெளிந்த பிறகுதான் கேட்க வேண்டும். தெளிந்த பிறகு அவன் தங்கமாக இருப்பான். தங்கமாக இருப்பவனை என்னத்தைக் கேட்பது? ஆகமொத்தம் கேட்கவே வேண்டியதில்லை. எவ்வளவு வசதியான சட்டம் பாருங்கள்!

ஷாலுவின் புருஷன் பெயர் அறிவு. வைத்தவர்களைக் குற்றம் சொல்லாதீர்கள், அவர்கள் நல்ல எண்ணத்தில்தான் வைத்தார்கள். தண்டையார்பேட்டை குடோன் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். கண்ணாடிச் சாமான் இருக்கிற பெட்டியைக்கூட அலுங்காமல் தூக்கி அலுங்காமல் வைப்பான் என்று முதலாளியே மெச்சுவார். குடிக்காத நாளில் அவனைப்போல ஒருத்தன் கிடையாது. துணி துவைப்பான், ஷாலு வர நேரமானால் பஸ் ஸ்டாப்பில் போய் நிற்பான். குடித்தால் போச்சு. போன வருடம் அப்படி ஒரு நாள் எட்டி உதைத்தான். ஷாலுவின் வயிற்றில் மூன்று மாதமாக இருந்தது கலைந்துபோயிற்று.

மறுநாள் ஆஸ்பத்திரி வராண்டாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "நான் இல்ல ஷாலு, சரக்கு பண்ண வேல அது. உள்ள போச்சுன்னா நான் நானே இல்ல." தர்காவுக்குப் போய்க் கையில் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டு, இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தான். மாமியார் பூவம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னாள். "உன் மாமனாரும் இப்டித்தான்டி. மனுசன் சொக்கத் தங்கம். குடிதான் கெட்டது. என் பல்லு ரெண்டு போச்சே, அது அவுரா பண்ணாரு? குடி பண்ணுச்சு." ஷாலு நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? இந்த ஆளைக் கட்டிக்கொள்ளத்தானே வியாசர்பாடியில் பெற்றவர்களோடு மல்லுக்கு நின்றுவிட்டு வந்தாள்.

இப்போது மறுபடியும் வயிற்றில் ஒன்று. அறிவுக்கும் பூவம்மாவுக்கும் தெரியும். இந்தப் பிள்ளை தங்க வேண்டும், அவளுக்கு வேறெந்த ஆசையும் இல்லை. அவன் குடிக்காமல் இருந்தால் பிள்ளை பிழைக்கும். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், பாவி.

இதில் ஒரு கூத்து என்னவென்றால், ஷாலுவும் குடிப்பாள். ஊரில் சொட்டுக்கூடக் கிடையாது, வெளியூர் போனால் மட்டும்தான். அவளுக்குக் கன்டெய்னர் சோதிக்கிற வேலை. காலிப் பெட்டிக்குள் நுழைந்து கதவைச் சாத்தச் சொல்லி, இருட்டில் நின்று, எங்காவது ஓட்டை வழியாக வெளிச்சம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணூரில் தொடங்கியவளைக் கம்பெனி கொச்சிக்கும் கோவாவுக்கும் பெங்களூருக்கும் அனுப்பிக்கொண்டே இருந்தது. கூட வருபவள் தூத்துக்குடிக்காரி மகிமா. பகலெல்லாம் இரும்பு வெக்கையில் வெந்துவிட்டு சாயங்காலம் இரண்டு பேரும் ஒரு மேஜையில் உட்காருவார்கள். கொச்சியில் கள், மத்தி வறுவல், கூடவே கப்பக்கிழங்கு. கோவாவில் வெயில் காலம் என்றால் முந்திரிப்பழத்தில் முதல் தடவை காய்ச்சுகிற உராக், அதில் எலுமிச்சையும் கீறின பச்சை மிளகாயும் போட்டு. எல்லாவற்றிலும் அவளுக்கு உசத்தி பெங்களூரில் கடையிலேயே பெரிய பெரிய செம்புத் தவலையில் வடிக்கிற கோதுமை பீர்தான். வாழைப்பழமும் கிராம்பும் கலந்த மாதிரி வாசனை, கடைசியில் நாக்கில் கொஞ்சம் கசப்பு. மகிமாவுக்குக் காபிக்கொட்டை வாசம் அடிக்கிற கறுப்பு பீர் வேண்டும். இரண்டு கிளாஸ் போனால் ஷாலுவுக்குச் சிரிப்பு வரும், மூன்று போனால் தூக்கம் வரும். மகிமா தன் அம்மாவை நினைத்து அழுவாள். இத்தனை ஊரில் இத்தனை குடித்தும் யாரையாவது அடிக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் ஒரு நாளும் தோன்றியதில்லை. அது ஏன் என்று ஷாலு யோசித்ததும் இல்லை. ஆம்பிளைக்கு வேறு மாதிரி ஏறும்போல என்று விட்டுவிட்டாள்.

இந்த முறை பெங்களூரில் அவள் தண்ணீர் டம்ளரை மட்டும் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, மேலுக்குச் சுகமில்லையா?" என்றாள் மகிமா.

"உண்டாயிருக்கேன்டி."

மகிமா சத்தம்போட்டுக் கட்டிப்பிடித்தாள். பிறகு கடைக்காரனைக் கூப்பிட்டு, போதையே இல்லாத பீர் ஒன்று வைத்திருக்கிறீர்களே, அதைக் கொண்டாங்க என்றாள். அதே நுரை, அதே கிராம்பு வாசனை, அதே கசப்பு. ஏறாது, அவ்வளவுதான். ஷாலுவுக்கு அது பிடித்துப்போய், பிள்ளை பிறக்கிறவரைக்கும் வாய் கேட்டால் ஆகுமே என்று நாலு பாட்டில் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். பாட்டிலில் பெரிதாக யானைப் படம். போதை இல்லை என்கிற விஷயம் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் வீடு வந்து சேர்ந்தாள். பூவம்மா குழாயடியில் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஷாலு பையைக் கூடத்தில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். ஈரத்தலையோடு வந்து பார்த்தால், அறிவு டிவிக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் இரண்டு காலி பாட்டில் உருள்கின்றன. அறுத்துப்போட்ட கறுப்புக் கயிறு தரையில் கிடக்கிறது.

"இன்னாடி இது?"

"அது வந்துபா..."

"மூடு! ஊர் ஊரா போயி குடிச்சிக்கினு வர்ற பொம்பள, எனக்குக் கயிறு கட்டி வுட்டியா நீ?" மூன்றாவது பாட்டிலைப் பல்லால் திறந்தான். டம்ளரில் ஊற்றி, விரலை நனைத்து, சாமிக்கு ஒரு சொட்டு சுண்டிவிட்டு, ஒரே மூச்சில் இறக்கினான். "யப்பா, இன்னா ஸ்ட்ராங்கு! நம்ப கடைல விக்கிறதெல்லாம் இதாண்ட நிக்குமா?"

குட்டு உடைந்த வெட்கம் ஒரு பக்கம் இருந்தாலும், ஷாலுவுக்கு உள்ளே நிம்மதி. சிரிப்பைக்கூட அடக்கிக்கொண்டாள். குடிச்சுட்டுப் போகட்டும், கஞ்சித் தண்ணி குடித்தவன் என்னத்தைச் செய்துவிடப் போகிறான்? திட்டுவான். திட்டிவிட்டுச் சோறு தின்பான். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. பாட்டில் விஷயத்தைச் சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று துண்டால் தலையைத் துவட்டினாள்.

மூன்றாவது பாட்டில் பாதியில் அவன் நாக்கு குழறியது.

ஷாலு துவட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அவனுக்குக் கண் சொருகியது. எழுந்தவன் தள்ளாடிச் சுவரைப் பிடித்தான். போன வருடம் பார்த்த அதே நடை, அதே தொங்கின உதடு.

"எவன்கூட குடிச்ச?"

"மகிமாகூடதான். அறிவு, நான் சொல்றத கேளு, அதுல ஒண்ணுமே..."

முதல் அறை காதில் விழுந்தது. இரண்டாவதில் உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. முடியைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினான். அவளுடைய பையை எடுத்து வாசலில் எறிந்தான். அவள் கண்ணாடியை, அவள் டிபன் பாக்ஸை, வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற தலைக்கவசத்தை, ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடித்தான். தள்ளாடித் தள்ளாடி டிவி மேல் விழப்போனவன் விழவில்லை. அழகாக ஒதுங்கினான். சார்ஜில் கிடந்த தன் செல்போனின் ஒயரைத் தாண்டிக் கால் வைத்தான். தவணையில் வாங்கிய டிவி அது. ஃபோர்க்லிஃப்ட்காரனுக்குத் தெரியாதா எதை இடிக்கலாம், எதை இடிக்கக் கூடாது என்று!

ஷாலுவுக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இத்தனை வருடத்தில் உடைந்ததெல்லாம் அவள் பொருள். அவன் பொருள் ஒன்றுகூட உடைந்ததில்லை. சரக்குக்கு எது யார் பொருள் என்று தெரியுமா?

அவன் காலை ஓங்கினான். அவள் சட்டென்று முழங்காலை மடக்கி வயிற்றின்மேல் சுருண்டு முதுகைக் கொடுத்தாள். உதை இடுப்பில் விழுந்தது. அடுத்ததும் இடுப்பில். மூன்றாவது விலாவில். "எந்தக் கழுதையோட புள்ளடி அது!" என்று கத்தினான். வார்த்தை கொஞ்சம்கூடக் குழறாமல் தெளிவாக வந்தது.

"அத்த! அத்தே!"

மீன் கையோடு பூவம்மா ஓடி வந்தாள். பின்னாலேயே எதிர்வீட்டுக் கோதண்டமும் வந்தார். ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர், சந்தில் நாலு பேருக்கு நியாயம் சொல்கிற பெரிய மனிதர். வாசற்படியோடு நின்றுகொண்டார்.

"குடிச்சிக்கீறான்மா. இப்ப இவனாண்ட பேசி இன்னா ஆவப்போவுது? நீ எங்க வூட்டாண்ட வந்து குந்து. காத்தால தெளிஞ்சதும் கேட்டுக்கலாம்."

"தெளியறதுக்கு இன்னா கீது?" ஷாலு சுவரைப் பிடித்து எழுந்தாள். வாயிலிருந்து ரத்தம் ரவிக்கையில் சொட்டியது. காலி பாட்டில் ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினாள். "படி மாமா. பின்னாடி படி. உரக்கப் படி."

கோதண்டம் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். உதட்டை அசைத்து எழுத்துக்கூட்டினார். இன்னொரு தரம் எழுத்துக்கூட்டினார்.

"ஆல்கஹால் ஜீரோன்னு போட்டுக்கீது. இன்னாம்மா இது, சோடாவா?"

"சோடாதான். போதையே கெடையாது அதுல. புள்ளத்தாச்சி குடிக்கறதுக்குன்னு வாங்கியாந்தேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டு ஆடிய அறிவு, ஆடுவதை நிறுத்தினான். அதை எல்லோரும் பார்த்தார்கள். பொய் சொல்லாமல் சொல்கிறேன், நட்டு வைத்த கம்பம்போல நேராக நின்றான்.

பூவம்மா மகன் எதிரில் வந்தாள். முப்பது வருடம் குடிகாரனோடு குடித்தனம் நடத்தியவளின் மூக்கு அது. பிராந்தியா பீரா, குவார்ட்டரா ஆஃபா, எல்லாம் கதவைத் திறக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும். "வாயத் தொற" என்றாள்.

"யம்மா, போம்மா அந்தாண்ட."

"தொறடா!"

மீன் செதிள் ஒட்டிய கையால் தாடையைப் பிடித்துத் திறந்து மோந்து பார்த்தாள். டம்ளரை எடுத்து மோந்தாள். மறுபடியும் வாயை மோந்தாள்.

"கஞ்சி வாட அடிக்குது" என்றாள் மெதுவாக.

"எனக்கின்னாம்மா தெரியும்? சரக்குன்னுதான் நெனச்சேன்! ஏறுன மாரிதான் இருந்துச்சு!"

"நெனச்சா போதுமாடா? நெனச்சாலே ஒதைக்கலாமா?" பூவம்மாவின் குரல் உடைந்தது. மேல்வரிசையில் பல் இல்லாத இடத்தை நாக்கு தடவியது. "அப்போ உங்கப்பன்? அந்தாளும் இப்டித்தானா? எத்தினி வருசம்டா... எத்தினி வருசம் அந்தாளு பாவம், குடி பண்ணுதுன்னு சோறு ஊட்டி வுட்டேன்!"

திறக்காத நாலாவது பாட்டில் காலடியில் நின்றது. பூவம்மா குனிந்து அதைக் கழுத்தோடு பிடித்ததை யாரும் கவனிக்கவில்லை. முதல் வீச்சு தோள்பட்டையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் வாசல்வரை கேட்டது. அவன் அலறிக்கொண்டு மண்டியிட்டான். இரண்டாவது முழங்கையில். மூன்றாவதில் பாட்டில் தரையில் பட்டுச் சிதறி, நுரை சுவர்வரைக்கும் தெறித்தது. உடைந்த கழுத்தை மறுபடியும் ஓங்கியவளைக் கோதண்டம் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார்.

"பூவம்மா! பெத்த புள்ளம்மா!"

"பெத்தவதான்யா அடிக்கிறேன்! வுடு என்னை!" திமிறினாள். வயதான பொம்பிளையைப் பிடித்து நிறுத்த அந்தக் கிரேன்காரருக்கு மூச்சு வாங்கியது. உடைந்த கண்ணாடி அவள் உள்ளங்கையைக் கிழித்திருந்தது. அதை அவள் பார்க்கக்கூட இல்லை.

ஷாலுவுக்கு அடிவயிற்றில் சுருக்கென்று ஒரு வலி. போன வருடமும் இப்படித்தான் ஆரம்பித்தது. "அத்த, எனக்கு வலிக்குது" என்றாள். அவ்வளவுதான், பூவம்மா கையில் இருந்ததைக் கீழே போட்டாள். முந்தானையை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு மருமகளைத் தாங்கினாள். கோதண்டம் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தார். தரையில் கிடந்த அறிவு "யம்மா, யம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவள் திரும்பவில்லை.

பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் பார்க்கிற பெண் ஷாலுவின் வயிற்றில் கருவியை வைத்து நகர்த்தினாள். மறுபடியும் நகர்த்தினாள். பூவம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எந்தச் சாமியையோ முணுமுணுத்தாள். கடைசியில் அந்தப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். அவரைக்கொட்டை அளவுக்கு ஏதோ ஒன்று, அதன் நடுவில் படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது.

"இருக்கும்மா. நல்லாத்தான் இருக்கு."

ஷாலு வாய்விட்டு அழுதாள். வீங்கின உதடு விரிந்து மறுபடியும் ரத்தம் வந்தது. வலி தெரியவில்லை.

டியூட்டி டாக்டர் சின்ன வயசுப் பெண். விலாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதைப் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்று பேனாவைத் திறந்தாள். "யார் அடிச்சாங்க?"

"என் வூட்டுக்காரன்."

"குடிச்சிருந்தாரா?" இப்படி எத்தனையோ பேரிடம் கேட்டுச் சலித்த குரல். பதில் வருவதற்கு முன்பே அவள் பேனா எழுதத் தொடங்கிவிட்டது.

"இல்லமா" என்றாள் பூவம்மா. கட்டுப் போட்ட கையை நீட்டி, டாக்டரின் பேனாவைப் பிடித்து நிறுத்தினாள். "எழுதுனத அடிச்சிடு. நான் பெத்தவ, வாயை நானே மோந்து பாத்துட்டேன். அவன் குடிக்கல. குடிக்காமதான் அடிச்சான்னு எழுது."