ஏழு மணிகளின் ஐயாயிரத்து நாற்பது

அறுவடை முடிந்த வாற்கோதுமைக் கழனிகள் வெளிறிக் கிடப்ப, கீழ்க்கடலில் எழுந்த காற்று நாணற்சதுப்பைக் கோதியவண்ணம் ஊருக்குள் நுழைய, பெரும்போர் ஓய்ந்து சில ஆண்டுகளே கழிந்த இலையுதிர்காலப் பிற்பகலொன்றில், நார்ஃபோக் நாட்டு ஆல்டர்பியின் தீக்கல்லாற் கட்டிய தேவாலய மணிமாடத்தினுள் எண்மர் வட்டமாய் நின்று, தத்தம் கயிற்றைப் பற்றி, ஒருவர் கையை ஒருவர் நோக்கியிருந்தனர்.

கற்றோர் அறிக: ஏழு மணிகளை எத்தனை வகையாய் முன்பின் மாற்றி ஒலிக்கலாம் என எண்ணப் புகுந்தால், ஒன்று முதல் ஏழு வரை பெருக்கிய ஐயாயிரத்து நாற்பதில் வந்து நிற்கும். ஏழு முதல் பத்து வரை பெருக்கினும் அதுவே. பத்துக்குட்பட்ட எவ்வெண்ணால் வகுப்பினும் மிச்சமின்றிப் பிரிந்து கொடுக்கும் பெருந்தகைமையும் அதற்குண்டு. மணியடிப்போர்க்கோ அது ஓர் அறைகூவல். எட்டாம் பெருமணி ஒவ்வொரு வரிசையையும் முடித்துவைக்க, ஏனைய ஏழும் அத்தனை வகையிலும் ஒலித்தல் வேண்டும். ஒன்று விடுபடலாகாது, ஒன்று இருமுறை வரலாகாது. இடையே ஓய்வில்லை, ஏடு பார்த்தலுமில்லை.

போர்க்களம் புகுந்த மணிக்காரர் பலர் மீளாமையின் அவர்தம் கயிறுகளைப் பெண்டிர் பற்றினர். அவர்க்குத் தலைவியாய் நின்றவள், அருகிருந்த நகரப் பள்ளியில் எண் கற்பிக்கும் மேபல் லார்வுட். மூன்றாம் மணியை, மாண்ட கணவனின் கயிறு பற்றி, ஊரார் துணி வெளுக்கும் ஐவி இழுத்தாள். பெருமணியை இழுத்த முதியவர் ரூபன் குரோம், தொடங்குமுன்னரே அவளிடம் சொல்லிவிட்டார்: "துணி தோய்க்கிற கைக்கு இது தாங்காதும்மா. பாதியில பல்லிளிச்சிடும்."

பாதியைக் கடந்தும் பல்லிளிக்கவில்லை. முடிவு கண்ணுக்கெட்டிய வேளையில், ஐவியும் ஐந்தாம் மணி இழுத்த வினி என்னும் பெண்ணும் ஒருவர் முறையில் மற்றவர் புகுந்து ஒலித்தனர். கீழே புல்வெளியில் திரண்டிருந்த ஊரார்க்கு இனிமை சிறிதும் குன்றவில்லை. மேபலின் செவிக்கோ அது சுட்டது. அவள் உரத்துச் சொன்னாள்: "எல்லாரும் நிறுத்துங்க."

மணிகள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன.

"ஏம்மா நிறுத்தின?" என்றார் ரூபன். "ரெண்டு பேரையும் இடம் மாத்தி விட்டிருந்தா முடிஞ்சிருக்குமே. கீழ நிக்கிறவனுக்கு என்ன தெரியும்?"

"அடிச்ச வரிசையே திரும்ப வந்துடுச்சு, ரூபன். அடிக்க வேண்டியது விட்டுப்போச்சு."

"ஐயாயிரத்துல ஏதோ அஞ்சாறு."

"ஒண்ணு குறைஞ்சாலும் அது இந்த எண் இல்ல."

ஐவி, நீர் வடிந்த கோலம்போல் வெளுத்து நின்றாள். "தப்பு என்னோடதுதான் அக்கா. சுவத்துல அவரு பேரு எழுதின பலகையப் பாத்துட்டேன். என் கயித்த வேற யாருக்காவது குடுத்துடுங்க."

"குடுக்க மாட்டேன்," என்றாள் மேபல். "அடுத்த தடவை பலகையப் பாக்காத. வினி கையப் பாரு."

அடுத்த முறை ஆறாம் மணியின் கயிறு அறுந்தது. ஊரில் நகையாடினர். பாதிரியார், போதுமே என மென்மையாய்ச் சொல்லிப் பார்த்தார். புதுக்கயிறு கோத்து, பனி இறங்கியதொரு பிற்பகலில் மீண்டும் வட்டமாய் நின்றனர். மூன்று மணிநேரம் கழியுமளவும் மேபலின் சுருங்கிய கட்டளையன்றி எவர் வாயினும் சொல்லெழவில்லை. ஐவியின் உள்ளங்கைத் தோல் உரிந்து கயிற்றின் கம்பளிப்பிடி செந்நிறங்கொண்டது. அவள் கண்ணோ வினியின் கையினின்று இம்மியும் பெயரவில்லை. ஈற்றில் ஏழும் தம் முதல் ஒழுங்கிற்கு, மேட்டினின்று இறங்கும் நீர்போல் வந்து சேர்ந்தன. எதுவும் விடுபடவில்லை, எதுவும் மீண்டும் வரவில்லை.

ரூபன் வாற்கோதுமைக் கள்ளுச்சாடியைக் கொணர்ந்து முதற்கிண்ணத்தை ஐவிக்கு நிறைத்தார். அவள் விரல்கள் விரிய மறுத்தன.

"நீ பிடிக்க வேணாம்மா," என்றார் அவர், கிண்ணத்தை அவள் இதழருகே ஏந்தி. "நான் பிடிச்சுக்கிறேன். குடி."

ஏறத்தாழச் சரியென்பதற்கு இவ்வுலகில் இடம் பலவுண்டு. அன்று அவ்வெண்மரும் அவற்றுள் ஒன்றையும் வேண்டாராய், புண்பட்ட கையினராய், படியிறங்கிப் பனியினுள் நடந்தனர்.